கும்பகோணத்துக்கு அடியில் ஒரு மலை

கும்பகோணத்துக்காரருக்கு மலையேற்றம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது சுவாமிமலைதான். ஊரிலிருந்து மேற்கே ஐந்தாறு கிலோமீட்டர். அறுபது தமிழ் வருடங்களின் பெயரில் 60 படிகள். பிரபவவில் கால் வைத்தால் சற்று நேரத்தில் அட்சயவைத் தொட்டுவிடலாம். ஆனால் அது கட்டுமலை. முருகன் குன்றில்தான் இருக்க வேண்டும் என்ற மரபை விட்டுக்கொடுக்க மனமில்லாதவர்கள், குன்றே இல்லாத நாட்டில் ஒரு குன்றைக் கட்டி எழுப்பினார்கள்.

இந்த வட்டாரம் அவ்வளவு தட்டை. கும்பகோணம் கடல்மட்டத்திலிருந்து 25 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. கடலோ கிழக்கே 50 கிலோமீட்டருக்கு அப்பால். கிலோமீட்டருக்கு அரை மீட்டர் சரிவு. இவ்வளவு மெல்லிய சரிவில் காவிரி விரைந்து ஓடாது. சுமந்து வந்த வண்டலை வழியெல்லாம் இறக்கி, தன் பாதையைத் தானே மேடாக்கி, அரசலாறு, குடமுருட்டி, வெண்ணாறு என்று பிரிந்துகொண்டே போகும். நெல் விளையும் இந்தச் சமவெளி முழுவதும் அப்படிச் சேர்ந்ததுதான்.

ஆனால் கும்பகோணத்துக்கு ஒரு நிஜ மலையும் உண்டு. அது மண்ணுக்குள் புதைந்து கிடக்கிறது.

13, 14 கோடி ஆண்டுகளுக்கு முன், ஒட்டிக் கிடந்த இந்தியாவும் அண்டார்க்டிகாவும் பிரியத் தொடங்கியபோது, இன்றைய தமிழகக் கடலோரத்தின் அடிப்பாறை இழுபட்டு உடைந்தது. சில துண்டுகள் ஆழமாகச் சரிந்தன, சில சரியாமல் உயர்ந்து நின்றன. சரிந்த பள்ளங்களைக் கடலும் ஆறுகளும் கொண்டுவந்த படிவுகள் நிரப்பின. சில இடங்களில் அந்தப் படிவின் தடிமன் பல கிலோமீட்டர். உயர்ந்து நின்ற துண்டுகளில் ஒன்று கும்பகோணத்தில் தொடங்கி, மாதானம் வழியாகப் பரங்கிப்பேட்டையை நோக்கி நீளும் தொடர். காவிரிப் படுகையில் எண்ணெயும் எரிவாயுவும் தேடும் புவியியலாளர்களின் வரைபடங்களில் அது இந்த மூன்று ஊர்ப் பெயர்களோடுதான் குறிக்கப்படுகிறது. ஒரு பக்கம் அரியலூர்–புதுச்சேரி பள்ளம், மறுபக்கம் தஞ்சாவூர், தரங்கம்பாடிப் பள்ளங்கள், நடுவில் இந்த முதுகு. கண்ணால் கண்டவர் யாருமில்லை. தரையில் சிறு வெடிகளை வெடித்து, ஆழத்துப் பாறையில் பட்டுத் திரும்பும் அதிர்வுகளைக் கருவிகளில் பதிந்து, அவை வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு உருவத்தைக் கணக்கிட்டார்கள். மகாமகக் குளத்து ஊருக்குக் கீழே ஒரு மலைத்தொடர் இருக்கிறது என்ற செய்தியை அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தப் பழம்பாறையின் இனத்தைத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் ரயிலேறி மேற்கே போக வேண்டும். தஞ்சாவூர் தாண்டி, திருச்சி மலைக்கோட்டை. இங்கே அடிப்பாறை படிவுகளால் மூடப்படவில்லை. சுற்றியிருந்த பாறை கோடிக்கணக்கான ஆண்டுகளாக மழையிலும் வெயிலிலும் சிதைந்து கரைந்துபோக, விரிசல் குறைந்த உறுதியான பகுதி மட்டும் மிஞ்சி நிற்கிறது. எச்சக்குன்று என்று சொல்வது இதைத்தான். தரையிலிருந்து உயரம் சுமார் 83 மீட்டர். அடிவாரத்தில் மாணிக்க விநாயகர், இடையில் தாயுமானவர், உச்சியில் பிள்ளையார். நானூற்றுக்கு மேற்பட்ட படிகள், அவற்றில் பெரும்பகுதி பாறையைக் குடைந்த வழியில் ஏறுகின்றன.

அறுபது கிலோ எடையுள்ள ஒருவரை 83 மீட்டர் உயர்த்தத் தேவையான ஆற்றல் 12 கிலோகலோரிதான். தசைகள் தாம் எரிப்பதில் நான்கில் ஒரு பங்கையே வேலையாக மாற்றுகின்றன என்பதால் 50 கிலோகலோரி என்று வைத்துக்கொள்ளலாம். ஏறத்தாழ ஒரு இட்லி. இவ்வளவு குறைந்த செலவுக்கா இவ்வளவு மூச்சு வாங்குகிறது என்று தோன்றும். காரணம் வேகம். பத்து நிமிடத்தில் ஏறினால், சும்மா உட்கார்ந்திருக்கும்போது எரிப்பதைப் போல ஐந்து மடங்கை உடல் எரிக்கிறது. இருபது நிமிடம் எடுத்துக்கொண்டால் ஏற்றத்துக்கான சுமை பாதியாகிவிடும். வயதானவர்கள் திருப்பத்துக்குத் திருப்பம் நின்று ஏறுவது முற்றிலும் சரியான முறை.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே, பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டில் குடைவித்த குகைக்கோயில் இருக்கிறது. பலர் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள். அங்குள்ள தூண் கல்வெட்டு, தரையில் ஒரு கோயிலில் நின்றுகொண்டு சோழரின் வளத்தையும் காவிரியையும் தான் எப்படிக் காண்பது என்று சிவபெருமான் அரசனிடம் கேட்டதாகவும், அதனால்தான் இந்த மலைக்கோயிலை அமைத்ததாகவும் சொல்கிறது. காட்சிக்காகவே உயரத்தைத் தேர்ந்தெடுத்ததாகக் கல்லில் எழுதிவைத்த இடம் இது.

என்ன தெரிகிறது? வடக்கே காவிரி, அதற்கப்பால் திருவரங்கம், 1987இல் முடிக்கப்பட்ட 236 அடி ராஜகோபுரம், அதற்கும் அப்பால் கொள்ளிடம். மேற்கே முக்கொம்பில் பிரியும் ஆறு தீவைச் சுற்றிக்கொண்டு கிழக்கே டெல்டாவுக்குள் நுழையும் அமைப்பு ஒரே பார்வையில் புரிந்துவிடும். பூமி உருண்டை என்பதால் பார்வைக்கு எல்லை உண்டு. கண்ணின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கிலோமீட்டரில் என்று கிடைக்கும். வயல் வரப்பில் நிற்பவருக்கு நாலரை, மலைக்கோட்டை உச்சியில் 32. சுவாமிமலையில் பத்து மீட்டர் உயரத்தில் நின்றால் 11. கணக்குப்படி கும்பகோணத்துக் கோபுரங்கள் எல்லாம் அதற்குள் அடக்கம், தென்னை மறைக்காதவரை.

இந்தத் தென்னையும் இந்தத் தட்டை நிலமும் ஒரு காலத்தில் பெரிய அறிவியல் பணி ஒன்றையே திணறடித்தன. 1802இல் சென்னையில் அடிக்கோடு அளந்து முக்கோணமுறை நில அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், 1808இல் தஞ்சைச் சீமைக்கு வந்தார். ஓர் அளவை நிலையத்திலிருந்து அடுத்த நிலையம் தெரிய வேண்டும். மற்ற இடங்களில் குன்றுகள் கைகொடுத்தன. இங்கே கோயில் கோபுரங்கள்தாம் குன்றுகள். கோணங்களை அளக்கும், அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் கயிறு கட்டி ஏற்றினார்கள். கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி, அதன் நுட்பமான வட்டம் கோணிப்போனது. லாம்டன் பல வாரம் கூடாரத்தில் அடைந்துகிடந்து அதை நேர்செய்து, அளவையைத் தொடர்ந்தார்.

மலைக்கோட்டையிலிருந்து இறங்குவது ஏறுவதைவிடச் சுலபம் என்று மூச்சு சொல்லும். தொடைத் தசை ஒத்துக்கொள்ளாது. ஏறும்போது தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. செலவாகும் ஆற்றல் குறைவு என்றாலும் தசை இழைகளில் நுண்ணிய சிதைவு இந்த வேலையில்தான் அதிகம். வலி அன்றைக்கே தெரியாது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ, சமதளத்திலேயே நடந்து பழகிய டெல்டாவாசி மாடிப்படி இறங்கும்போது தொடையைப் பிடித்துக்கொள்வார். சில நாளில் தானே சரியாகிவிடும். அதோடு, அந்த ஒரு முறையிலேயே தசை பாடம் கற்றுவிடுகிறது. சில வாரங்களுக்குள் மறுபடி போனால் அதே படிகள் அந்த அளவுக்கு வலிப்பதில்லை.