விளக்கின் நிறமும் விபத்தின் பொறுப்பும்

விபத்துச் சிகிச்சைப் பிரிவின் வாயிலில் காத்திருக்கும் உறவினர்கள் எங்களிடம் முதலில் கேட்பது, உயிருக்கு ஆபத்து உண்டா என்பதை. அடுத்து, சற்றுத் தயங்கிக் கேட்பது: "டாக்டர், தப்பு யார் மேல?"

விழுப்புரம் நான்குமுனைச் சந்திப்பைப் போன்ற ஓரிடத்தில் இரண்டு கார்கள் மோதிக்கொண்டால், "எனக்குப் பச்சை விளக்கு" என்றே இரு ஓட்டுநர்களும் கூறுவர். இருவரும் பொய் சொல்வதாகக் கொள்ள வேண்டியதில்லை. தலைக்காயம் பட்டவருக்கு மோதலுக்குச் சற்று முன் நிகழ்ந்தவை மறந்துபோவது இயல்பு. அந்த வெற்றிடத்தில் மற்றவர்கள் சொல்வது நினைவாகவே பதிந்துவிடக்கூடும். ஆகவே நோயாளியின் கட்டிலருகே நின்று, "சிவப்பில் வந்தது அவன்தானே?" என்று கேட்டுக் கேட்டுச் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

தவறு யாருடையது என்பதைத் தீர்மானிப்பது மருத்துவரின் பணியன்று. சிகிச்சை அதற்காகக் காத்திருப்பதுமில்லை. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டமும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் தவறு யாருடையது என்று பார்த்து அளிப்பதில்லை. இழப்பீட்டிற்காக அந்தக் கேள்வியை ஆராய்வது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம்.

தீர்ப்பாயம் விளக்கின் நிறத்தோடு நின்றுவிடுவதில்லை. சிவப்பு விளக்கை மீறுவதை, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு அபாயகரமான ஓட்டுதலில் சேர்த்துள்ளது. மஞ்சள் எரிந்தால், பாதுகாப்பாக நிறுத்த முடியாத அளவிற்கு அருகில் வந்துவிட்டவர் தவிர மற்றவர்கள் நிற்க வேண்டும். பச்சையோ ஓர் அனுமதி மட்டுமே; சந்திப்பில் ஏற்கெனவே நுழைந்துவிட்ட வாகனத்தைப் பார்த்து ஓட்டும் கடமையை அது நீக்கிவிடாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். பிரேக்கில் கால் வைக்கும் முன்னரே அத்தனை தொலைவு போய்விடும் என்றால், விளக்கு பச்சையாக இருந்தாலும் வேகம் குறித்த கேள்வி எழத்தான் செய்யும்.

அதனால்தான் கண்காணிப்புக் கேமராப் பதிவு, டயர் தேய்ந்த தடம், கண்ணாடிச் சில்லுகள் சிதறிய இடம், காரில் நசுங்கிய பகுதி, மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை ஆகியவை சேர்த்துப் பார்க்கப்படுகின்றன. உடலிலும் சில தடயங்கள் உண்டு. நம் நாட்டுக் கார்களில் ஓட்டுநரின் இருக்கைப் பட்டை வலது தோளிலிருந்து இடப்பக்க இடுப்புக்கு இறங்கும். அருகில் அமர்ந்தவருக்கு இடது தோளிலிருந்து இறங்கும். மார்பில் பதிந்த அந்தச் சிராய்ப்பு, காரை ஓட்டியவர் யார் என்ற ஐயத்தைத் தீர்க்க உதவும். ஆனால் எந்தக் காயமும் விளக்கின் நிறத்தைச் சொல்லாது.

இங்கே ஒரு வேண்டுகோள். போலீஸ், வழக்கு என்று அலைய நேருமே என அஞ்சி, "கார் தானாகத் தடுப்பில் மோதிவிட்டது" என்று சொல்லும் குடும்பங்களை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். அந்தச் சொல் அப்படியே விபத்துப் பதிவேட்டில் ஏறுகிறது. சில மாதங்கள் கழித்து இழப்பீடு கோரும்போது, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுத்துக் காட்டுவது அந்த ஒரு வரியைத்தான். நாங்கள் அதைப் பின்னர் மாற்றித் தர இயலாது. எனவே தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள்.

பொறுப்பு முழுவதும் ஒருவர் மீதே விழவேண்டும் என்பதுமில்லை. காயமுற்ற ஓட்டுநருக்கும் தவறில் 25 விழுக்காடு பங்குண்டு எனத் தீர்ப்பாயம் கருதினால், 10 லட்சம் ரூபாய் இழப்பீடு ஏழரை லட்சமாகக் குறையும். ஆனால் பின்னிருக்கையில் அமர்ந்து வந்த தாயாருக்கோ குழந்தைக்கோ இந்தக் குறைப்பு பொருந்தாது. இரு ஓட்டுநர்களும் தவறு செய்திருந்தால், எவரிடமிருந்தும் முழு இழப்பீட்டையும் கோரும் உரிமை அவர்களுக்கு உண்டு.

குற்றவியல் வழக்கைப் போல ஐயத்திற்கு இடமின்றி இங்கு நிறுவ வேண்டியதில்லை. எது நடந்திருக்கக் கூடும் என்பதற்கான வலுவான சாத்தியம் போதும். தமிழகப் பேருந்து விபத்து வழக்கொன்றில், ஓட்டுநர் குற்றவியல் வழக்கில் விடுவிக்கப்பட்டிருந்தும் இழப்பீட்டை 1980இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஏதோ ஓர் ஐயத்தைக் காட்டி உரிமையாளர்கள் தப்பிவிடக் கூடாது என நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அதில் அறிவுறுத்தினார்.

காலமும் முக்கியம். 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள விதிப்படி, விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் இழப்பீட்டு மனு அளிக்க வேண்டும். தவறை நிறுவாமலேயே, உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்திற்கு இரண்டரை லட்சம் ரூபாய் கோரும் வழியும் 164ஆம் பிரிவில் உள்ளது. எது உங்களுக்கு ஏற்றது என்பதை வழக்கறிஞரிடம் கேட்டறியுங்கள். விழுப்புரத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு, தகுதியுடையோருக்கு இலவச உதவி அளிக்கிறது.

முறிந்த எலும்பு கூடச் சில மாதங்கள் ஆகும். கேமராப் பதிவு அதுவரை காத்திராது. சில நாட்களிலேயே அழிந்துவிடலாம். ஆகவே குடும்பத்தில் ஒருவர் நோயாளியின் அருகில் இருக்கட்டும். மற்றொருவர் அந்தப் பதிவைப் பாதுகாக்குமாறு காவல் நிலையத்தில் எழுத்துமூலம் கேட்கட்டும். முதல் தகவல் அறிக்கை, காயச் சான்றிதழ், மருத்துவமனை விடுவிப்புச் சுருக்கம், மருந்து ரசீதுகள் அனைத்தையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள். உடலைத் தேற்றும் பொறுப்பை எங்களிடம் விடுங்கள். உண்மையைக் காக்கும் பொறுப்பு உங்களுடையது.