சார்ட் எந்த விலையை வரைகிறது?

யூரோ-டாலர் 1.0830-இல் இருக்கும்போது ஒருவர் விற்கிறார். விலை எதிர்த்திசையில் ஏறினால் வெளியேறிவிட, 1.0850-இல் ஸ்டாப் லாஸ் போட்டு வைக்கிறார். விலை ஏறுகிறது, 1.0848 வரை போய்விட்டுத் திரும்புகிறது. பிறகு அவர் எதிர்பார்த்தபடியே சரிகிறது. ஆனால் கணக்கைத் திறந்தால், ஸ்டாப் லாஸ் அடித்து நஷ்டத்தில் முடிந்திருக்கிறது. சார்ட்டில் எந்தக் கேண்டிலும் 1.0850-ஐத் தொடவே இல்லை. புதிதாக வருகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் தரகர் மீது சந்தேகப்படுகிறார்கள்.

விஷயம் பெரும்பாலும் மென்பொருளின் அமைப்பில் இருக்கிறது. செலாவணிச் சந்தையில் எந்த நொடியிலும் இரண்டு விலைகள் ஓடுகின்றன. நாம் விற்றால் கிடைக்கும் விலை பிட். வாங்கினால் கொடுக்க வேண்டிய விலை ஆஸ்க். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் ஸ்ப்ரெட். மெட்டாகோட்ஸ் நிறுவனம் 2005-இல் வெளியிட்டு இன்றும் உலகெங்கும் புழங்கும் மெட்டாட்ரேடர் 4, கேண்டில்களை பிட் விலையை வைத்தே வரைகிறது. விற்றவர் வெளியேற வேண்டுமானால் திரும்ப வாங்கியாக வேண்டும், அது ஆஸ்க் விலையில்தான் நடக்கும். பிட் 1.0848-ஐத் தொட்டபோது ஸ்ப்ரெட் 2 பிப் (0.0002) இருந்திருந்தால் ஆஸ்க் 1.0850. ஸ்டாப் லாஸ் முறைப்படிதான் அடித்திருக்கிறது.

எனவே மென்பொருளை நிறுவியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, சார்ட் மீது எஃப்8 விசையை அழுத்தி, வரும் பெட்டியில் ஆஸ்க் கோட்டைக் காட்டும் கட்டத்தில் டிக் போடுவது. இதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்தக் கோடு இந்த நொடியின் ஆஸ்க் விலையை மட்டுமே காட்டும். நேற்றைய உச்சத்தில் ஆஸ்க் எங்கே இருந்தது என்பதை பழைய கேண்டில்கள் சொல்லாது. ஆகவே பழைய உச்சத்துக்கு மேலே ஸ்டாப் லாஸ் வைக்கும்போது ஸ்ப்ரெட்டையும் கூட்டிக்கொண்டே வைக்க வேண்டும். நியூயார்க்கில் மாலை 5 மணியை ஒட்டி, நாள் கணக்கு முடிகிற வேளையில், ஸ்ப்ரெட் வழக்கத்தைவிட விரிந்துவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

எந்த விலை என்பது தெரிந்தால் போதாது, யாருடைய விலை என்பதும் தெரிய வேண்டும். பங்குச் சந்தையைப் போல எல்லா வர்த்தகமும் பதிவாகும் ஒரே இடம் உலகச் செலாவணிச் சந்தைக்குக் கிடையாது. பன்னாட்டுத் தீர்வு வங்கியின் கணக்கெடுப்பின்படி 2022 ஏப்ரலில் நாளொன்றுக்குச் சராசரியாக 7.5 லட்சம் கோடி டாலர் கைமாறியது. அத்தனையும் வங்கிகளும் நிறுவனங்களும் ஒன்றோடொன்று நேரடியாகவோ மின்னணு மேடைகள் வழியாகவோ முடித்துக்கொண்டவை. நம் திரையில் வருவது நம் தரகருக்கு வந்து சேர்ந்த விலை. அதனால்தான் இரண்டு தரகர்களின் சார்ட்டில் ஒரே கேண்டிலின் உச்சம் ஓரிரு பிப் வேறுபடுகிறது. சார்ட்டின் அடியில் வால்யூம் என்று எழும் பட்டைகளும் இந்த வகைதான். அவை எத்தனை யூரோ கைமாறியது என்பதைக் காட்டுவதில்லை. ஒரு கேண்டிலின் நேரத்துக்குள் தரகரின் விலை எத்தனை முறை மாறியது என்ற எண்ணிக்கையே அவை. பங்குச் சந்தைப் பழக்கத்தில் அவற்றை வைத்து முடிவெடுப்பவர்களைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது.

இனி அந்த விலைகளை வரையும் கேண்டிலைப் பார்ப்போம். ஜப்பானிய வணிகர்களின் விலைக் குறிப்பு மரபில் வளர்ந்த கேண்டில் முறையை ஆங்கில உலகத்துக்குப் பரவலாகக் கொண்டுசேர்த்தது ஸ்டீவ் நிசன் 1991-இல் வெளியிட்ட நூல். தொடக்க விலை, உச்சம், தாழ்வு, முடிவு விலை என நான்கே எண்கள். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையில் தடித்த உடல், மேலும் கீழும் மெல்லிய திரி. பார்த்த மாத்திரத்தில் புரியும் அழகான வடிவம். ஆனால் உச்சம் முதலில் வந்ததா, தாழ்வு முதலில் வந்ததா என்பதை ஒரு கேண்டில் சொல்வதில்லை. நான்கு மணி நேரக் கேண்டிலில் மேலும் கீழும் நீண்ட திரி தெரிந்தால், பதினைந்து நிமிட சார்ட்டுக்கு இறங்கிப் பார்த்தால்தான் நடந்தது என்னவென்று தெரியும்.

அடுத்தது கடிகாரம். சந்தை வாரத்துக்கு ஐந்து நாள், இரவும் பகலும் நடக்கிறது. நியூயார்க்கின் ஞாயிறு மாலை 5 மணிக்குத் தொடங்கி வெள்ளி மாலை 5 மணிக்கு முடிகிறது. அங்கே குளிர்காலமாக இருந்தால் இந்திய நேரப்படி அது அதிகாலை 3.30, கோடையில் 2.30. இடைவிடாத இந்த ஓட்டத்தை எந்த இடத்தில் வெட்டி ‘ஒரு நாள்’ என்பது? வெட்டுவது தரகரின் சர்வர் கடிகாரம். சர்வர் கிரீன்விச் நேரத்தைவிட 2 மணி (கோடையில் 3 மணி) முன்னால் ஓடினால், அங்கே நள்ளிரவாகும்போது நியூயார்க்கில் சரியாக மாலை 5. வாரத்துக்கு ஐந்து முழுக் கேண்டில்கள் கிடைக்கும். சர்வர் கிரீன்விச் நேரத்திலேயே ஓடினால், குளிர்காலத்தில் ஞாயிறு இரவு இரண்டே மணி நேரத்துக்கு ஒரு குட்டிக் கேண்டில் முளைக்கும். வாரத்துக்கு ஆறு.

பார்வைக்கு இது சின்ன வித்தியாசம். ஆனால் 20 நாள் சராசரிக் கோடு, ஐந்து கேண்டில் சார்ட்டில் நான்கு வாரத்தைக் கணக்கிடுகிறது. ஆறு கேண்டில் சார்ட்டில் மூன்று வாரத்துக்குச் சற்று அதிகத்தை மட்டுமே. இரண்டு மணி நேர ஞாயிறும் முழு புதன்கிழமையும் ஒரே எடையில் சேர்ந்துகொள்கின்றன. ஒரே அமைப்பை இருவர் வைத்துக்கொண்டு, ஒருவருக்கு வாங்கு என்றும் மற்றவருக்குப் பொறு என்றும் வந்தால், முதலில் இரண்டு சர்வர் கடிகாரங்களையும் ஒப்பிட வேண்டும்.

இவ்வளவும் சரியான பிறகுதான் இண்டிகேட்டர்கள். பரவலாகப் பயன்படும் ஆர்எஸ்ஐ, ஏடிஆர், ஏடிஎக்ஸ், பாரபாலிக் எஸ்ஏஆர் நான்குமே வெல்ஸ் வைல்டர் 1978-இல் வெளியிட்ட ஒரே நூலில் வந்தவை. அவர் இயந்திரப் பொறியாளர். ஆர்எஸ்ஐக்கு அவர் கொடுத்த 14 என்ற எண் இன்றும் மென்பொருளில் முன்னிருப்பாக இருக்கிறது. ஆர்எஸ்ஐ, ஜெரால்ட் ஆப்பெலின் எம்ஏசிடி, ஜான் பாலிங்கரின் பட்டைகள் என மூன்றையும் ஒரே சார்ட்டில் அடுக்கி, மூன்றும் ஒத்துப்போகின்றன என்று துணிபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூன்றும் வழக்கமான அமைப்பில் கணக்கிடப்படுவது அதே முடிவு விலைகளிலிருந்து. ஒரே ஆள் மூன்று சட்டையில் வந்து சாட்சி சொல்வதைப் போன்றது அது. என் பரிந்துரை ஏடிஆர். எந்தப் பக்கம் போகும் என்று அது சொல்வதில்லை. ஒரு கேண்டிலில் விலை வழக்கமாக எவ்வளவு தூரம் அலைகிறது என்பதைச் சொல்கிறது. ஸ்டாப் லாஸை எவ்வளவு தள்ளி வைப்பது என்று முடிவெடுக்க அது உதவும்.

ஜிக்ஜாக் என்ற இண்டிகேட்டரிடம் மட்டும் எச்சரிக்கை தேவை. பழைய சார்ட்டில் ஒவ்வொரு உச்சத்தையும் பள்ளத்தையும் அது துல்லியமாக இணைத்திருக்கும். நேரலையில் பார்த்தால், கடைசிக் கோடு விலை நகர நகர இடம் மாறிக்கொண்டே இருக்கும். பழைய சார்ட்டில் நாம் காண்பது எல்லாம் நடந்து முடிந்த பிறகு திருத்தி வரைந்த கோடு.

எவ்வளவு கவனமாக அமைத்தாலும் சார்ட்டால் காக்க முடியாத நாட்கள் உண்டு. ஒரு யூரோ 1.20 பிராங்குக்குக் கீழே இறங்காது என்று சுவிஸ் தேசிய வங்கி 2011 செப்டம்பரில் எல்லை போட்டது. 2015 ஜனவரி 15 அன்று முன்னறிவிப்பின்றி அதை எடுத்துவிட்டது. சில நிமிடங்களில் விலை 1.00-க்கும் கீழே போனது. 1.20-க்குச் சற்றுக் கீழே ஸ்டாப் லாஸ் வைத்திருந்தவர்களுக்கு அந்த விலையில் வாங்க ஆளே இல்லை. வெகு கீழே கிடைத்த விலையில் ஆர்டர்கள் முடிந்தன. கணக்கில் போட்டிருந்த பணத்துக்கும் மேலே கடன்பட்டவர்கள் இருந்தார்கள்.

இந்தியாவில் வசிப்பவர்கள் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். ஃபெமா சட்டப்படி, அனுமதி பெறாத வெளிநாட்டு மேடைகளில் பணம் கட்டிச் செலாவணி வர்த்தகம் செய்யக் கூடாது. அப்படிப்பட்ட மேடைகளின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலிருந்து வெளியிட்டு வருகிறது. தேசியப் பங்குச் சந்தையில் டாலர்-ரூபாய் ஒப்பந்தங்கள் 2008 ஆகஸ்டிலிருந்து நடக்கின்றன. ஒரு லாட் 1,000 டாலர். ஆனால் 2024 மே முதல், ரூபாய் ஒப்பந்தம் எடுப்பவருக்கு உண்மையான செலாவணித் தேவை இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உறுதியாக்கிவிட்டது. ஐரோப்பியக் கண்காணிப்பு அமைப்பான எஸ்மா 2018-இல் சொன்ன கணக்கும் மனத்தில் நிற்க வேண்டும்: தரகர் மேடைகளில் நடக்கும் விலை வேறுபாட்டு ஒப்பந்த (சிஎஃப்டி) வர்த்தகத்தில் சில்லறைக் கணக்குகளில் 74 முதல் 89 விழுக்காடு வரை நஷ்டமடைகின்றன.

சார்ட்டைப் படிக்கக் கற்பதற்குப் பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. டெமோ கணக்கு போதும். தானாக நகரும் அமைப்பை அணைத்துவிட்டு, சில மாதங்கள் பின்னால் போய், வலப்பக்கம் நடந்தது தெரியாதபடி சார்ட்டை நிறுத்துங்கள். ஒரு நோட்டில் அடுத்து என்ன நடக்கும் என நினைக்கிறீர்கள், எங்கே வெளியேறுவீர்கள், ஸ்ப்ரெட்டுக்கு எவ்வளவு விட்டிருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். பிறகு எஃப்12-ஐ அழுத்தி, ஒவ்வொரு கேண்டிலாக நகர்த்திப் பாருங்கள்.