புனித ஜோர்ஜ் தேவாலயம்
லெபு ஃபார்குவார், ஜோர்ஜ்டவுன்
கட்டி முடிக்கப்பட்டது: 1818

ஆங்கிலிக்கன் தேவாலயமாகவே கட்டப்பட்டவற்றுள் மலேசியாவின் மிகப் பழையது இது. கிழக்கிந்தியக் கம்பெனியின் குருவான ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ் இதற்காகப் பெருமுயற்சி எடுத்தார். 1816-ல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலைத் தொடங்கியவரும் அவரே. இந்தியாவிலிருந்து பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்ட கைதிகளே இந்தத் தேவாலயத்தைக் கட்டினர். பழைய ஜோர்ஜ்டவுனின் பல சாலைகளிலும் கட்டடங்களிலும் அவர்களது உழைப்பு உண்டு.

முகப்பில் கிரேக்கக் கோயிலைப் போன்ற தூண்கள், மேலே கூர்கோபுரம். சென்னைக் கதீட்ரல் சாலையில் உள்ள, 1815-ல் கட்டப்பட்ட அதே பெயருடைய தேவாலயத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தோற்றம் புதிதல்ல. கூரையும் முதலில் மதராஸ் பாணியில் தட்டையாகவே இருந்தது. பினாங்கு மழைக்கு அது சரிப்படவில்லை. இன்று நீங்கள் காணும் சரிவுக் கூரை 1864-ல் அமைக்கப்பட்டது.

1818 ஜூன் மாதம் இங்கே முதல் திருமணம் நடந்தது. மணமகன் வில்லியம் எட்வர்ட் ஃபிலிப்ஸ். மணமகள் பினாங்கு ஆளுநர் பேனர்மனின் மகள் ஜேனட். ஆனால், கல்கத்தா ஆயர் தாமஸ் மிடில்டன் வந்து ஆலயத்தை அர்ச்சித்தது மறு ஆண்டு மே மாதத்தில்தான்!

இரண்டாம் உலகப் போரில் கட்டடம் சேதமுற்றது. உள்ளிருந்த பொருள்கள் கொள்ளை போயின. 1948-ல் வழிபாடு மீண்டும் தொடங்கியது.

முன்புல்வெளியில் உள்ள வட்ட மண்டபம் பினாங்குக் குடியேற்றத்தை நிறுவிய ஃபிரான்சிஸ் லைட்டின் நினைவாக, அதன் நூற்றாண்டான 1886-ல் எழுப்பப்பட்டது. பலர் நினைப்பதுபோல் அது அவரது கல்லறை அன்று. 1794-ல் மறைந்த லைட், அருகே சுல்தான் அகமது ஷா சாலையிலுள்ள பழைய புரோட்டஸ்டண்ட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளார்.