ஹான்லேயில தெரிஞ்ச சிவப்பு, சாரத்துல ஏன் தெரியல?

2024 மே 11 காலையில போனைத் திறந்தா, ஃபீட் முழுக்க சிவப்பும் பச்சையுமா வானம். அதுல ஒண்ணு நம்ம லடாக், ஹான்லே. முந்தின ராத்திரி நானும் சாரத்துல மொட்டை மாடியிலதான் இருந்தேன். எனக்குத் தெரிஞ்சது தெருவிளக்கு.

"மச்சி, ஹான்லேக்கு டிக்கெட் போட்டுட்டேன், அரோரா தெரியும்ல?"னு ஒரு நண்பன் சமீபத்துல கேட்டான். போனஸ் பணம் மொத்தமும் அதுல. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கயும் சொல்றேன்.

அந்த மே மாசம் சூரியன்ல ஒரு பெரிய கரும்புள்ளிக் கூட்டம், காந்தப்புலத்தோட சேர்ந்த பிளாஸ்மாவை ஒண்ணு பின்னால ஒண்ணா நம்ம பக்கம் வீசுச்சு. 2003க்கு அப்புறம் வந்த முதல் ஜி5 புயல் அது. பூமியோட காந்தப்புலம் ஃபயர்வால் மாதிரி, பெரும்பாலும் தடுத்துடும். ஆனா வர்ற காந்தப்புலம் தெற்கு நோக்கி இருந்தா ரெண்டும் இணைஞ்சுக்கும். போர்ட் திறந்த கணக்கு. பூமியோட இரவுப் பக்கம் சேர்ற ஆற்றல், எலக்ட்ரான்களைக் காந்தக் கோடுகள் வழியா துருவங்களைச் சுத்தி கீழ தள்ளும். அது ஆக்சிஜன் மேல மோதினா, 100 கிலோமீட்டருக்கு மேல பச்சை, 200க்கு மேல சிவப்பு.

புயல் பெருசானா இந்த ஒளி வளையம் விரியும். ஹான்லே தலைக்கு மேல வர்ற அளவுக்கு இல்ல. வடக்குத் தொடுவானத்துல மேல் நுனி மட்டும் எட்டிப்பாக்கும். அதான் வெறும் சிவப்பு. அதுவும் கேமராவுல பளிச்சுனு, கண்ணுக்கு மங்கல்.

நம்ம ஊர் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கம். கோடு திருநெல்வேலிப் பக்கமா போகுது. இங்க காந்தக் கோடுகள் கிட்டத்தட்ட படுத்த வாக்குல இருக்கும், எலக்ட்ரான் இறங்க வழியில்ல. ஆனா 1872 பிப்ரவரி 4 அன்னைக்கு பம்பாய்லயே அரோரா தெரிஞ்சதா பதிவு இருக்கு!

எப்போ பாக்கலாம்? சூரியன் வீசினதைப் பார்த்து ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடி எச்சரிக்கை வரும். காந்தப்புலம் தெற்கா வடக்கான்னு உறுதியாத் தெரியணும்னா, அது 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற செயற்கைக்கோள்களைத் தொடணும். ஆதித்யா எல்-1 அங்கதான் இருக்கு. அப்புறம் ஒரு மணி நேரம்கூட இருக்காது. பாண்டியிலேருந்து அதுக்குள்ள திண்டிவனம் தாண்டுறதே கஷ்டம்.

அதனால அரோராதான் வேணும்னா நார்வேல ட்ரோம்சோ, செப்டம்பர்லேருந்து மார்ச்சுக்குள்ள. ஹான்லேக்கு நட்சத்திரம் பாக்கப் போங்க. சிவப்பு வந்தா போனஸ்.

நண்பன் டிக்கெட்டை கேன்சல் பண்ணல. தேதியை மட்டும் அமாவாசைக்கு மாத்திட்டான்.