அத்திப்பட்டில் கூட்டாட்சி: மாநில சுயாட்சியும் தேசிய ஒருமைப்பாடும்

முன்னுரை

மாநில சுயாட்சி பற்றிய தமிழக விவாதங்கள் பெரும்பாலும் மொழி, ஆளுநர் பதவி, நிதிப்பகிர்வு ஆகியவற்றை மையமிட்டே நிகழ்ந்துள்ளன. அதிகாரப் பகிர்வு ஒரு குறிப்பிட்ட நிலப்பரப்பில் எவ்வாறு இயங்குகிறது என்பதும் ஆராயத்தக்கது. திருவள்ளூர் மாவட்டத்தில், எண்ணூர்க் கழிமுகத்தை அடுத்துள்ள அத்திப்பட்டுப் பகுதியைச் சான்றாகக் கொண்டு இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுயாட்சிக் கோரிக்கையின் வளர்ச்சி

தி.மு.க. 1963இல் தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. ஒன்றியத்திற்குள் கூடுதல் அதிகாரம் என்பதே அதன்பின் அக்கட்சியின் நிலைப்பாடாயிற்று. 1969இல் தமிழக அரசு பி.வி. இராஜமன்னார் தலைமையில் மூவர் குழுவை அமைத்தது. 1971இல் அறிக்கை அளித்த அக்குழு, அதிகாரப் பட்டியல்களைத் திருத்தவும், பிரதமர் தலைமையில் முதலமைச்சர்கள் இடம்பெறும் மாநிலங்களிடை மன்றத்தை உடனே அமைக்கவும் பரிந்துரைத்தது. 1974 ஏப்ரலில் சட்டமன்றம் சுயாட்சித் தீர்மானத்தை நிறைவேற்றியது. 1983இல் அமைக்கப்பட்ட சர்க்காரியா ஆணையம் வலுவான ஒன்றியத்தை ஏற்றபோதும் அத்தகைய மன்றத்தின் தேவையை வலியுறுத்தியது. 1990இல் அம்மன்றம் அமைந்தது.

ஒரே கரை, மூன்று பட்டியல்கள்

அத்திப்பட்டை அடுத்துள்ள காமராசர் துறைமுகம் பெருந்துறைமுகம் ஆதலின் ஒன்றியப் பட்டியலின் 27ஆம் பதிவுக்கு உட்பட்டது. அதன் வடக்கே அமைந்த காட்டுப்பள்ளித் துறைமுகமோ பெருந்துறைமுகமாக அறிவிக்கப்படாததால் பொதுப்பட்டியலின் 31ஆம் பதிவின்கீழ் வருகிறது. அதனைக் கண்காணிப்பது மாநிலக் கடல்சார் வாரியம். மின்சாரம் பொதுப்பட்டியலின் 38ஆம் பதிவிலும், மீன்வளம் மாநிலப் பட்டியலின் 21ஆம் பதிவிலும் இடம்பெறுகின்றன. சுற்றுச்சூழல் எப்பட்டியலிலும் தனிப்பொருளாக இல்லை. 1972ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் மாநாட்டு முடிவுகளைச் செயற்படுத்த, 253ஆம் உறுப்பின் துணைகொண்டு நாடாளுமன்றம் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. ஆகவே, கழியில் வலைவீசும் மீனவரின் வாழ்வு மாநிலத்தின் பொறுப்பாகவும், அக்கழியைச் சூழ்ந்த தொழில்களுக்கான அனுமதி பெரும்பாலும் ஒன்றியத்தின் பொறுப்பாகவும் பிரிந்து நிற்கின்றன.

மின்தொகுப்பு உணர்த்துவது

இப்பிரிவினை, சுயாட்சியும் ஒருமைப்பாடும் முரண்பட்டவை என்று பொருள்படாது. வல்லூர் அனல்மின் நிலையம் 1500 மெகாவாட் திறனுடையது. தேசிய அனல்மின் கழகமும் தமிழக மின்வாரியமும் சமபங்குடன் அதனை உருவாக்கின. ஒடிசாவின் தால்சேர் நிலக்கரி பாரதீப்பிலிருந்து கடல்வழியே எண்ணூர் வந்தடைகிறது. உற்பத்தியாகும் மின்சாரம் தென்மாநிலங்கள் பலவற்றுக்கும் பகிரப்படுகிறது. 2013 டிசம்பர் 31 அன்று தென்மண்டல மின்தொகுப்பு தேசியத் தொகுப்புடன் ஒத்தியங்கத் தொடங்கியது. எனினும் மாநில மின்சுமைப் பகிர்வு மையங்கள் நீங்கவில்லை. ஒவ்வொரு மாநிலமும் தன் தேவையைத் தானே திட்டமிட, அலைவெண் மட்டும் நாடு முழுமைக்கும் ஒன்றாக உள்ளது.

சுயாட்சியின் எல்லை

அத்திப்பட்டு மற்றோர் உண்மையையும் உணர்த்துகிறது. வடசென்னை அனல்மின் நிலையம் மாநில அரசுக்கு உரியது. அதன் சாம்பற்கூழ்க் குழாய்களின் கசிவால் கொசஸ்தலை ஆற்றிலும் கழியிலும் சாம்பல் படிந்தது. இது தொடர்பான வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022இல் தீர்ப்பளித்தது. இங்குப் பாதிப்பை விளைவித்தது மாநில நிறுவனம். தீர்வு நாடப்பட்டது நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த தீர்ப்பாயத்தில். எனவே, ஒன்றியத்தின் அதிகாரம் மாநிலத்திற்கு மாறுவதால் மட்டுமே ஊரின் குரல் வலுப்பெறும் எனக் கொள்ள இயலாது. 73ஆவது திருத்தம் இணைத்த பதினோராம் அட்டவணையின் 29 பொருள்களுள் மீன்வளமும் ஒன்று. ஆயினும் அவற்றை ஊராட்சிகளுக்கு வழங்குவது மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பத்தைச் சார்ந்தே உள்ளது.

முடிவுரை

2025 ஏப்ரலில் தமிழக அரசு, நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் ஒன்றிய - மாநில உறவுகளை ஆராயக் குழு அமைத்தது. இராஜமன்னார் குழு எழுப்பிய வினாக்கள் இன்னும் உயிர்ப்புடன் இருப்பதை இது காட்டுகிறது. அவ்வினாக்களோடு மேலும் ஒன்றைச் சேர்க்க வேண்டியுள்ளது. தில்லியிடம் தமிழகம் கேட்கும் உரிமையைத் தமிழகத்திடம் அத்திப்பட்டு கேட்க இயலுமா என்பதே அது. அதற்கு விடை காணும்போதே சுயாட்சி முழுமை பெறும். ஒருமைப்பாடும் மக்களின் இசைவில் வேரூன்றும்.