தண்ணீர் குடிக்கப் பயப்படும் பெண்கள்

ஸ்ரீரங்கம் சாத்தார வீதி பூ மார்க்கெட். விடியுமுன் வந்து உட்கார்ந்த அந்த அம்மா கதம்பம் கட்டிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் தண்ணீர் பாட்டில். உச்சிவேளை ஆகியும் கால்வாசிகூடக் குறையவில்லை.

“குடிச்சா போகணும்ல? எங்க போறது, சொல்லுங்க.”

சில மாதங்களுக்கு முன் அவருக்கு நீர்க்கடுப்பு. உடம்புச் சூடு என்று தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தார், மெடிக்கலில் நாலு மாத்திரை வாங்கிப் போட்டார். எரிச்சல் அடங்கியது. பத்தாம் நாள் நடுக்கத்தோடு காய்ச்சல். விலாவுக்குக் கீழே, முதுகில் வலி. தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்றார் டாக்டர்.

பெண்ணின் சிறுநீர்ப்பைக்கும் வெளிவாசலுக்கும் இடையே சுமார் 4 சென்டிமீட்டர்தான் தூரம். குடலில் வாழும் ஈ.கோலை கிருமி எளிதில் உள்ளே போய்விடும். நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழித்தால் அது கிருமியை அடித்துக்கொண்டு போகும். அடக்கினால் கிருமி அங்கேயே பெருகும்.

சிறுநீரகம் பாதிக்கப்பட இன்னொரு வழியும் உண்டு. சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய் கருப்பையை ஒட்டித்தான் வருகிறது. நாற்றத்தோடு வெள்ளைப்படுவதையும் அடிவயிற்று வலியையும் சொல்லக் கூசி மறைத்தால், கருக்குழாயில் சீழ் கட்டலாம். கட்டி பெரிதாகி அந்தச் சிறுநீர்க்குழாயை நெருக்கினால், சிறுநீர் தேங்கிச் சிறுநீரகம் வீங்கிவிடும்.

சர்க்கரை நோய், கர்ப்பம், மாதவிடாய் நின்ற வயது என்று மருத்துவர்கள் வேறு காரணங்களும் சொல்வார்கள். அவையும் உண்மைதான். ஆனால் என்னை உறுத்துவது அந்தப் பாட்டில்தான். வைகுண்ட ஏகாதசிக்குச் சொர்க்கவாசல் வரிசையில் இரவெல்லாம் நிற்கும் பெண்களும், திருச்சி காந்தி மார்க்கெட்டில் காய் விற்பவர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்தது. உட்கார நாற்காலி கிடைத்தவருக்கு, எழுந்து போய்வரப் பத்து நிமிடமும் கிடைக்க வேண்டாமா?

திருச்சிக்குக் கழிப்பறைப் பாடம் புதிது அல்ல. திறந்தவெளியில் மலம் கழிக்காத குடிசைப்பகுதி என்று 2002-லேயே பெயரெடுத்தது இங்குள்ள கல்மந்தை. கழிப்பறையைப் பொறுப்பெடுத்து, காசு வசூலித்து, சுத்தமாக நடத்தியவர்கள் அந்தப் பகுதிப் பெண்கள்தான். கல்மந்தையில் முடிந்தது கடைவீதியில் ஏன் முடியாது?

கடுப்போடு காய்ச்சலும் முதுகுவலியும் சேர்ந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். இதையெல்லாம் அந்த அம்மாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “நிறையத் தண்ணி குடிங்கம்மா” என்று மட்டும் சொல்ல வாய் வரவில்லை. முதலில் அவருக்கு ஒரு கதவு வேண்டும், உள்ளே தாழ்ப்பாளோடு.