உங்களுக்குத் தெரியுமா? ஊருக்கொரு கரையாத காசு!

தோட்டத்துச் சம்பளச் சீட்டைப் பார்த்திருக்கிறீர்களா? சங்கச் சந்தா ஒரு பிடிப்பு, கோயிலுக்கு ஒரு பிடிப்பு! கொழுந்து பறித்த காசிலேயே பொதுவுக்கும் பங்கு! கொடுப்பதில் ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் யாரும் பாடம் நடத்த வேண்டாம்!

பலர் போட்ட பணம். அந்த முதல் கரையாமல் காத்து, அது ஈட்டுவதை ஊருக்கே செலவழித்தால்? அதுதான் சமூக அறக்கட்டளை! உலகின் முதலாவது 1914இல், அமெரிக்காவின் கிளீவ்லாந்தில். தொடங்கியவர் பிரெடரிக் காஃப் என்ற வங்கியாளர். இன்று உலகெங்கும் 1,800க்கு மேல்!

தனியாக உயில் எழுதிவைத்தால் போதாதா? அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர மேயராக இருந்தவர் பிரையன் மல்லன்ஃபி. மேற்கே குடியேறப் போகும் ஏழை வழிப்போக்கருக்கென்று சொத்தில் மூன்றில் ஒரு பங்கை உயிலில் எழுதிவைத்தார். காலம் மாறியது. வண்டி கட்டிப் போவோர் அற்றுப்போனார்கள். பணம் இருந்தது, வாங்கத்தான் ஆளில்லை!

நம் மலையிலும் நடந்திருக்கும்! 1860களில் ஒரு துரை ‘கோப்பித் தோட்டத்துக்கு மட்டும்’ என்று எழுதிவைத்திருந்தால்? 1869இல் இலைநோய் வந்தது. கோப்பியே போய்விட்டது! சமூக அறக்கட்டளையில் அந்தப் பயமே இல்லை. பழைய தேவை மறைந்தால், உள்ளூர்க் குழு புதிய தேவைக்குத் திருப்பிவிடும்!

தேயிலைச் சீமான் லிப்டன் 1897இல் லண்டன் ஏழைகளின் விருந்துக்குக் கொடுத்தது 25,000 பவுண்! சாப்பாடு அன்றோடு முடிந்தது. அதையே 5 வீத வட்டிக்குப் போட்டிருந்தால்? வருடா வருடம் 1,250 பவுண், முதல் அப்படியே!

கனடாவின் வின்னிபெக் அறக்கட்டளை 1921இல் ஒருவர் தந்த ஒரு லட்சம் டாலரில் பிறந்தது. அடுத்து வந்த கொடை? 1924இல் மூன்று தங்கக் காசுகள். மொத்தம் 15 டாலர்! கொடுத்தவர் பெயரைக்கூடச் சொல்லவில்லை. லட்சத்தோடு அந்தப் பதினைந்தும் இன்றுவரை உழைக்கிறது. எனக்கு மிகப் பிடித்த கொடை இதுதான்!

ஃபேஸ்புக் சக்கர்பெர்க் தம்பதி 2013இல் சிலிக்கான் வேலி சமூக அறக்கட்டளைக்குக் கொடுத்த பங்குகள் 1 கோடியே 80 லட்சம்! தனி அலுவலகம், தனிக் கணக்குப்பிள்ளை எதுவும் தேவையில்லை. கோடி கொடுத்தாலும் நூறு கொடுத்தாலும் நிர்வாகம் ஒன்றுதான்!

இந்தியாவின் முதலாவது சமூக அறக்கட்டளை மும்பையில், 1991இல்!

தமிழரால் முடியாதா? டொராண்டோ பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைக்கு ஊர் கூடிச் சேர்த்த நிதி 30 லட்சம் கனேடிய டாலர்!

லயத்தில் பிறந்து கொழும்பிலும் லண்டனிலும் உழைப்பவர்களே, திருவிழாவுக்கு அனுப்புவதை அனுப்புங்கள். கூடவே உங்கள் தோட்டப் பாடசாலையின் பெயரில் கரையாத காசு ஒன்றையும் போட்டுவையுங்கள். 15 டாலரே போதும்!